பழைய கோடாரிக்குப் புதுக் காம்பு: முறிவைப் பார்த்து மரம் தேடும் வழிமுறை

பரணிலோ மாட்டுக்கொட்டகை மூலையிலோ கிடக்கும் பழைய கோடாரி, பிக்காசு, மண்வெட்டி ஆகியவற்றில் இரும்பு பெரும்பாலும் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கும். கொல்லுப்பட்டறையில் லாரி வில்பட்டையை அடித்துச் செய்த தலை, தேய்ந்தால் தட்டி, தோய்ச்சல் வைத்து (சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கி), சாணை பிடித்தால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். முதலில் போவது காம்புதான். கடையில் ஒரு காம்பை வாங்கிச் சொருகுகிறோம். ஒரு பருவம் தாண்டுவதற்குள் ஆடுகிறது, இல்லாவிட்டால் முறிகிறது. பழி இரும்பின் மேல் விழுகிறது, நல்ல தலை ஒன்று பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகிறது. அப்படிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காம்பு கெடுவதற்கான காரணங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அடையாளத்தை விட்டுப் போகும். ஆகவே முறிந்த காம்பை அடுப்பில் வைக்காதீர்கள். அடுத்த காம்புக்கு எந்த மரம், அதில் எந்தத் துண்டு, எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் அந்தத் துண்டில் தெரியும். உங்கள் கருவிக்கு என்ன நேர்ந்ததோ அந்தத் தலைப்பிலிருந்து படிக்கலாம்.

காம்பு முறிந்துவிட்டது

முறிந்த இரண்டு வாய்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு விதமாக இருக்கலாம்.

ஒன்று, நார் நாராகப் பிரிந்து, விரல் நீளத்துக்குச் சிலாம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். இது நல்ல மரம். தன் வலுவுக்கு மேல் சுமந்து முறிந்திருக்கிறது. தலைக்குக் கீழே நாலு விரற்கடை தூரத்தில் காம்பு நசுங்கியோ பள்ளம் விழுந்தோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால், ஓங்கிய வெட்டு இலக்கைத் தாண்டி, கோடாரியின் வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்குப் பதில் காம்பு கட்டையில் மோதியிருக்கிறது. நசுங்கல் இல்லையென்றால், கட்டையில் சிக்கிய கோடாரியைப் பக்கவாட்டில் நெம்பியிருக்க வேண்டும். கடப்பாரை செய்ய வேண்டிய வேலையைக் கோடாரிக்குக் கொடுத்தால் எந்த மரமும் தாங்காது. இங்கே மரத்தை மாற்ற வேண்டியதில்லை, அதே மரத்திலேயே இன்னொரு காம்பு செய்யுங்கள். கழுத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றுவது நல்ல காப்புதான், ஆனால் மழையில் நனைந்தால் உடனே கழற்றி உலர்த்துங்கள். உள்ளே ஈரம் தங்கினால் கழுத்துதான் முதலில் மக்கும்.

இரண்டு, முறிவு ஒரே சாய்வாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு போயிருக்கும். சிலாம்பு குறைவு, முகம் வழவழப்பாக இருக்கும். காம்பின் நீளத்தோடு நார் ஓடாமல், சாய்ந்து வெளியே ஓடிவிட்டது என்று அர்த்தம். கடைக் காம்புகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ரம்பத்துக்கு நார் தெரியாது. அது பலகையின் ஓரத்தோடு நேராக அறுத்துக்கொண்டு போகும். மரம் சற்றே முறுக்கி வளர்ந்திருந்தால், நேராக அறுத்த அந்தக் காம்பில் எல்லா நாரும் பாதி வழியில் அறுந்திருக்கும்.

இந்தச் சாய்வு எவ்வளவு கெடுதல் என்பதை அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகம் அளந்து வைத்திருக்கிறது. 20 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் நார் சாய்ந்திருந்தால், திடீர் அடியைத் தாங்கும் திறன் நேர்நார் மரத்தில் இருப்பதில் 90 சதவீதம். 10-க்கு 1 என்றால் 62 சதவீதம். 5-க்கு 1 என்றால் வெறும் 36. மெதுவாக வளைக்கும்போது இவ்வளவு இழப்புத் தெரியாது. அதனால்தான் கடையில் முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்து வாங்கிய காம்பு, முதல் புளியங்கட்டையில் போய்விடுகிறது.

மூன்று, குறுக்கே வெடுக்கென்று, முள்ளங்கியை ஒடித்ததுபோல் சிலாம்பே இல்லாமல் முறிந்திருக்கும். இதுதான் ஆபத்தான முறிவு, ஏனென்றால் எச்சரிக்கை தராமல் தலை பறந்துபோகும். பெரும்பாலும் பூஞ்சணம் பிடித்த மரம். பட்டுப்போய் நின்ற மரத்திலோ, மழையில் வெகுநாள் கிடந்த கட்டையிலோ செய்த காம்பில் இது வரும். பூஞ்சணத்தின் வஞ்சகம் என்னவென்றால், நிறமோ எடையோ மாறுவதற்கு வெகு முன்பே அடி தாங்கும் குணத்தை அது தின்றுவிடும். கண்ணுக்கு நல்ல மரமாகவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கூரான கத்தி முனையை நாரோடு ஒட்டிக் குத்தி, ஒரு சிலாம்பை மேலே கிளப்புங்கள். நல்ல மரத்தில் சிலாம்பு சடசடவென்று ஒலித்துக்கொண்டு நீளமாக எழும்பி, ஒரு முனை மரத்தோடு ஒட்டியே நிற்கும். கெட்ட மரத்தில் கத்திக்கு மேலேயே சத்தமில்லாமல் இரண்டாக ஒடிந்து விழும். காம்பு வாங்குமுன், அடிமுனையின் மறைவான இடத்தில் இதைச் செய்து பார்க்கக் கேளுங்கள். நேர்மையான வியாபாரி மறுக்க மாட்டார்.

நான்கு, முறிவு சரியாக, தலையில் காம்பு நுழையும் துளையின் விளிம்பில், கத்தியால் கீறிய கோடு ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும். இங்கே குற்றம் மரத்தில் இல்லை, இரும்பில். கோடாரியின் பின்புறத்தைச் சம்மட்டியால் அடித்து ஆப்பாகப் பயன்படுத்தியிருந்தால், துளையின் விளிம்பு உள்பக்கம் பிதுங்கிக் கூர்மையாகியிருக்கும். விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள், பிடிபடும். அரைவட்ட அரத்தால் அந்த விளிம்பை மழுக்காமல் எத்தனை காம்பு போட்டாலும் அதே இடத்தில்தான் போகும். துளையின் சுவரில் விரிசல் தெரிந்தால் காம்பு தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் கொல்லரிடம் காட்டுங்கள்.

உடைந்த துண்டு துளைக்குள் சிக்கிக்கொண்டதா?

நெருப்பில் போட்டு எரித்து எடுக்காதீர்கள். ஊரில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் பழைய தலைகளைக் கொல்வதும் அதுதான். வாயில் வைத்த தோய்ச்சல் ஏறத்தாழ 200 முதல் 300 டிகிரிக்குள் நிலைபெற்றது. விறகுத் தீ அதை எளிதாகத் தாண்டும். வாய்ப்பக்கம் நீலம் ஏறிச் சாம்பல் நிறத்துக்குப் போனால் இரும்பு இளகிவிட்டது. பிறகு எத்தனை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. மாறாக, நீட்டிக்கொண்டிருப்பதைத் துளையோடு சமமாக அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரத்தில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பழைய இரும்பு ஆப்பு தட்டுப்பட்டால் பக்கத்தில் போடுங்கள். மரம் தளர்ந்ததும், துளையின் குறுகிய பக்கத்திலிருந்து அகன்ற பக்கம் நோக்கி ஓர் இரும்புத் துண்டை வைத்து அடித்தால் வந்துவிடும். எந்தப் பக்கம் அகலம் என்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த மரத்தைத் தேடுவது

அமெரிக்காவில் ஹிக்கரி, ஐரோப்பாவில் ஆஷ் என்று காம்புக்கென்றே பேர்போன மரங்கள் உண்டு. அவை நமக்கு இறக்குமதியாகத்தான் கிடைக்கும், அது தேவையும் இல்லை. காம்புக்கு வேண்டியது கடினம் மட்டுமல்ல, அடியை வாங்கி வளைந்து திரும்பும் குணம். இந்த இரண்டும் சேர்ந்த மரங்கள் நம் மண்ணில் நிறைய இருக்கின்றன.

கோடாரிக்கும் பிக்காசுக்கும் என் முதல் தேர்வு கருவேலம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் காலங்காலமாகப் போன மரம் அது. அடியை வாங்கியே பழகிய வேலைகள் அவை. வைரம் பாய்ந்த, முடிச்சு இல்லாத, மூன்றடி நேர்த்துண்டு கிடைப்பதுதான் சிரமம். வேலமரம் வளைந்து வளரும், எனவே மரத்தைப் பார்த்ததும் ஆசைப்படாமல் துண்டைப் பாருங்கள்.

மலையடிவார ஊர்களில் தடசு கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வளைந்து கொடுப்பதில் நம் மரங்களில் அதற்கு ஈடு குறைவு. வெக்காலி என்கிற நமையும் அப்படியே; வண்டி அச்சுக்குப் போன மரம். ஆனால் இவை பெரும்பாலும் காட்டு மரங்கள். காப்புக்காட்டில் போய் ஒரு கிளையை வெட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மரவாடியில் ரசீதோடு வருவதைத்தான் வாங்க வேண்டும். ஒரு காம்புக்காக ஒரு நமை மரம் சாவதை என்னால் ஏற்க முடியாது.

ஊருக்குள்ளேயே கிடைப்பவை: உசில், இலந்தை, விடத்தலை, பூவரசு, கொய்யா. கொய்யாவின் நேரான கிளை, சுத்தியலுக்கும் சிறு கைக்கோடாரிக்கும் நன்றாக நிற்கும். தோப்பில் கவாத்து செய்யும் நாளில் போனால் இலவசமாகவே கிடைக்கும். விடத்தலை பெரிதாகப் பருக்காது. கைப்பருமன் கிடைத்தால் விடாதீர்கள். புளி மிகக் கடினம், ஆனால் நார் பின்னிக்கொண்டு ஓடும். உலக்கைக்கும் கொட்டாப்புளிக்கும் சிறந்தது, நீண்ட கோடாரிக் காம்புக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

சீமைக் கருவேலத்தை வெறும் விறகு என்று ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. உலரும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் அது ஒன்று. ஒருமுறை பொருத்தினால் எளிதில் ஆடாது. கோணல் மாணலாக வளர்வதால் நீண்ட காம்புக்குத் துண்டு அமையாது. களைக்கொத்து, சுத்தியல், கைக்கோடாரி போன்ற ஓரடி, ஒன்றரையடி வேலைகளுக்கு அதன் வைரம் அருமையானது. வெட்டியழிக்க வேண்டிய மரம் என்பதால் மனம் நோகாமல் எடுக்கலாம்.

தவிர்க்க வேண்டியவை: தைலமரம் முறுக்கி வெடிக்கும். சவுக்கு பார்வைக்கு நேராக இருக்கும், ஆனால் ஆப்பு அடித்ததும் நீளவாக்கில் பிளக்கும். புங்கனைப் பூச்சி விடாது. வெப்பாலை பொம்மைக்கு ஆகும், கோடாரிக்கு ஆகாது. தேக்கு அழகு, நிலைக்கும் ஜன்னலுக்கும் அரசன், அடி தாங்குவதில் சுமார்தான். கல்மூங்கில் வாரிக்கும் அலக்குக்கும் சரி. ஆப்பு வைக்கும் துளைக்கு மூங்கிலை எடுக்காதீர்கள்.

கடையில் காம்பு எடுக்கும்போது

வார்னிஷோ சிவப்புப் பெயின்ட்டோ பூசிய காம்பு என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். நாரையும் முடிச்சையும் மறைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. பூச்சு இல்லாத காம்புகளின் கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். ஒரே பருமனில் எது கனமோ அதைத் தனியே வையுங்கள். காம்பைப் பக்கவாட்டில் பார்த்தால், மரத்தின் மெல்லிய துளைக்கோடுகள் முடியளவுக் கீறல்களாகத் தெரியும். அவைதான் நாரின் போக்கு. அடியிலிருந்து நுனிவரை அவை காம்போடு கூடவே ஓட வேண்டும். பாதியில் விளிம்பைத் தாண்டி வெளியே போனால் திருப்பி வைத்துவிடுங்கள். ஹிக்கரியிலும் ஆஷிலும் ஆண்டு வளையத்தின் திசையைப் பார்க்கச் சொல்வார்கள். கருவேலம், புளி போன்ற நம் மரங்களில் வளையம் தெளிவாகத் தெரியாது, அதற்காகக் குழம்ப வேண்டாம். நார் நேராக ஓடுகிறதா என்ற ஒன்றைப் பார்த்தால் போதும்.

பிறகு இரண்டு விரலால் காம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு இன்னொரு காம்பால் தட்டுங்கள். உலர்ந்த, விரிசலில்லாத மரம் கணீரென்று ஒலிக்கும். ஈரமோ உட்பிளவோ இருந்தால் 'தப்' என்ற செத்த ஒலி. முடிச்சு எங்கே இருந்தாலும் குறைதான். கழுத்திலோ நடுவிலோ இருந்தால் வாங்கவே கூடாது, அடிமுனையில் சிறு முடிச்சு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் மரக்காம்புகளுக்கென்றே ஐ.எஸ். 620 என்ற தர விதி இருக்கிறது, ஆனால் நம் இரும்புக் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்குபவற்றில் முத்திரையைத் தேடிப் பயனில்லை. உங்கள் கண்தான் அங்கே அமைவனம்.

என்னைக் கேட்டால், கடைக்குப் போவதற்கு முன் வாரச்சந்தையில் காம்பு விற்பவரிடமோ ஊர் ஆசாரியிடமோ போவேன். சந்தைக்காரர் பெரும்பாலும் மரத்தைப் பிளந்து செதுக்கியிருப்பார். பிளப்பு நாரோடு போகும், அறுப்பு போகாது. செதுக்கல் தடம் தெரிகிற, சற்றே நெளிந்த காம்பு, கடைசல் பட்டறையிலிருந்து வந்த பளபளப்பான நேர்க் காம்பைவிட வலுவாக இருப்பது இதனால்தான். லேசான நெளிவைக் குறையாக நினைக்காதீர்கள்.

காம்பில் நீளவாக்கில் வெடிப்பு

முனையைப் பாருங்கள். வெடிப்புகள் மரத்தின் நடு நெட்டியிலிருந்து ஆரமாக ஓடினால், முழுக் கிளையை அப்படியே காம்பாக்கியிருக்கிறார்கள். மரம் உலரும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நெட்டியை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நெட்டியை உள்ளே வைத்தால் எங்காவது கிழிந்துதான் ஆகும். சிறு சுத்தியல் பிடிக்குக் கிளையையே எடுக்கலாம், பெரிய காம்புக்கு எடுக்கக் கூடாது. தொடைப் பருமனுள்ள கட்டையை நாலாகப் பிளந்து, நெட்டிப் பகுதியைச் செதுக்கி நீக்கிவிட்டு, ஒவ்வொரு கால்துண்டிலும் ஒரு காம்பு எடுப்பதே சரி.

நெட்டி இல்லாமலேயே முனைகளில் மட்டும் வெடிப்பு இருந்தால், பச்சை மரத்தை வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் பெயின்ட்டோ மெழுகோ, ஒன்றும் இல்லாவிட்டால் சாணமும் களிமண்ணும் குழைத்தோ பூசி, நிழலில், காற்று நுழையும்படி அடுக்குங்கள். பழைய வீடுகளில் விறகடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைப்பார்கள். மெல்லிய சூடும் புகையும் உலர்த்தவும் செய்யும், பூச்சியையும் தள்ளி வைக்கும். ஒன்றரை, இரண்டு அங்குலத் துண்டு வைர மரத்தில் உலர ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். நாளை எண்ணுவதைவிட எடையைப் பாருங்கள். தராசில் வைத்துத் துண்டின் மேலேயே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் செதுக்கலாம். உலர வைக்கும் துண்டு முடிவான அளவைவிடக் கால் அங்குலமாவது பருமனாக இருக்கட்டும்.

தலை ஆடுகிறது

முதலில் ஒரு கேள்வி: எந்த மாதத்தில் பொருத்தினீர்கள்? ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றில் ஊதியிருந்த காம்பை இறுக்கமாகப் பொருத்தியிருந்தால், சித்திரை வெயிலில் அது சுருங்கி ஆடத்தான் செய்யும். காம்பு நீளவாக்கில் சுருங்குவது மிகமிகச் சொற்பம், குறுக்கே சுருங்குவதுதான் துளைக்குள் இடைவெளியாகிறது. பங்குனி, சித்திரையில் பொருத்துங்கள். முடியாவிட்டால், துளைக்குள் போகும் முனையை மட்டும் நாலைந்து நாள் அடுப்பங்கரைச் சூட்டில் வைத்து நன்றாக உலர்த்திவிட்டுப் பொருத்துங்கள். பிறகு காற்றீரம் வாங்கி அது உள்ளே இறுகுமே தவிர, தளராது.

ஆடுகிற கோடாரியையும் மண்வெட்டியையும் ராத்திரி தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பது நம் ஊர் வழக்கம். காலையில் கெட்டியாக இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: மரம் ஊதுகிறது, இரும்பு விட்டுக்கொடுக்காது, ஆகவே துளைக்குள் உள்ள நார்கள் நசுங்குகின்றன. உலர்ந்ததும் நசுங்கிய மரம் முன்னிருந்த அளவுக்குக்கூடத் திரும்பாது. இரண்டு நாளில் முன்பைவிட அதிகம் ஆடும். மீண்டும் தொட்டி, மீண்டும் நசுங்கல், கடைசியில் பூஞ்சணம். மேலே மூன்றாவதாகச் சொன்ன முறிவு பல வீடுகளில் இந்தத் தொட்டியில்தான் தொடங்குகிறது. அறுவடை நடுவில் வேறு வழியில்லாத அன்றைக்குத் தவிர இதைச் செய்யாதீர்கள்.

பருவத்தில் தவறில்லை என்றால் பொருத்தலைப் பாருங்கள். கழற்றி, துளையின் உள்சுவரில் அடுப்புக்கரியைக் குழைத்துத் தடவி, காம்பைச் சொருகி வெளியே எடுங்கள். கரி ஒட்டிய இடம் மட்டுமே இரும்பைத் தொடுகிறது. விளிம்பில் மட்டும் கரி ஒட்டி நடுவில் வெள்ளையாக இருந்தால், அந்தக் காம்பு இரண்டு கோடுகளில்தான் நிற்கிறது, எத்தனை ஆப்பு வைத்தாலும் ஆடும். கரி ஒட்டிய மேட்டை மட்டும் மர அரத்தால் சீவி, மறுபடி சொருகிப் பாருங்கள். முக்கால்வாசிப் பரப்பிலாவது கரி பிடிக்கும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. இந்த ஒன்றில் செலவிடும் நேரம் வேறு எதையும்விடப் பலன் தரும்.

அடித்து ஏற்றும்போது தலையின் மேல் அடிக்காதீர்கள். காம்பை ஒரு கையில் செங்குத்தாக, தலை கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் அடிமுனையில் மரக் கொட்டாப்புளியால் அடியுங்கள். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க, காம்பு அதற்குள் இறங்கும். துளைக்கு வெளியே நாலைந்து மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும், சமமாக அறுத்துவிடாதீர்கள். ஆப்பு விரித்ததும் அந்த நீட்டல்தான் தலையைப் பிடித்துக்கொள்ளும் தொப்பி.

ஆப்பு வைத்தும் நிற்கவில்லை

ஆப்புக்கான வெட்டு, துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கியிருக்கிறதா? பலர் ஒரு விரற்கடையோடு விட்டுவிடுகிறார்கள். அப்போது மேல்விளிம்பு மட்டும் விரியும், உள்ளே தளர்வாகவே இருக்கும். ஆப்பு காம்பைவிட ஈரமாக இருந்தாலும் சுருங்கி வெளியே வரும். எனவே நன்றாக உலர்ந்த வைர மரத்தில் செய்யுங்கள். வெட்டு கோடாரியின் வாயிலிருந்து பின்புறம் நோக்கிய திசையில் இருக்க வேண்டும். இரும்பு ஆப்பு கடைசியாகத்தான், அதுவும் மர ஆப்பைக் குறுக்கே சாய்வாகக் கடக்கும்படி ஒன்று மட்டும். ஆணி அடித்து இறுக்குவது மரத்தைப் பிளக்கிற வேலை.

இன்னொரு காரணம், துளையின் திசை. கழற்றும்போது எந்தப் பக்கம் அகலம் என்று பார்த்து வைக்கச் சொன்னேன் அல்லவா? பிக்காசில் மேல்பக்கம் அகலம். காம்பின் மெல்லிய அடிமுனையை மேலிருந்து விட்டு, பருத்த தலைமுனை வந்து துளையில் இறுகும்வரை இழுக்க வேண்டும். ஓங்க ஓங்க அது தானாகவே இறுகும், ஆப்பு தேவையில்லை. பிக்காசின் தலைக்கு நேர்க் காம்பைக் கீழிருந்து சொருகி ஆப்பு வைத்தால் ஒருநாளும் நிற்காது. பழைய மண்வெட்டிகளிலும் சில இப்படி இருக்கும். காம்பு வாங்கப் போகும்போது தலையையும் கையோடு கொண்டுபோங்கள்.

வாய் நேராக விழவில்லை

கோடாரியைக் கண்ணருகே வைத்து, அடிமுனையிலிருந்து காம்பின் வழியாக வாயைப் பாருங்கள். வாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்து காம்பு நேராக இருந்தால் பொருத்தல் பிழை, கரி தடவிச் சரிசெய்யலாம். காம்பே முறுக்கியிருந்தால் அது பச்சையாகச் செதுக்கிய மரம். முறுக்கிய காம்பைச் சூடு காட்டித் திருப்பலாம் என்பார்கள். கோடாரிக்கு அதை நம்பாதீர்கள். அதை வெட்டிச் சிறு கருவிகளுக்குப் பிடியாக்கிவிடலாம்.

காம்பிலிருந்து மாவு உதிர்கிறது

குண்டூசித் தலையளவு துளைகள், கீழே மெல்லிய பொடி: உளுத்துப்போகத் தொடங்கிவிட்டது. நடுவிலுள்ள வைரத்தை ஒட்டி வெளியே இருக்கும் வெளிறு பாகத்தில் உள்ள மாவுச்சத்துக்காகத்தான் இந்த வண்டு வரும். வெளிறு வலுவில் பெரிதாகக் குறைந்ததல்ல, பூச்சிதான் அதன் எதிரி. துளைகள் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்றுதான் என்றால் மண்ணெண்ணெயைத் துளைக்குள் விட்டு வெயிலில் வைத்துக் கவனியுங்கள். தீ இருக்கும் பக்கம் போகாதீர்கள். கழுத்தருகே இருந்தால் கோடாரியில் அந்தக் காம்பு இனி வேண்டாம். அடுத்த முறை வைரத் துண்டாகத் தேர்ந்தெடுங்கள். வெளிறு தவிர்க்க முடியாத சிறு மரம் என்றால், வெட்டியதும் பட்டையை உரித்து, சில வாரங்கள் குளத்திலோ தொட்டியிலோ ஊறவைத்து மாவுச்சத்தைக் கரைத்துவிட்டுப் பிறகு நிழலில் உலர்த்துங்கள். மூங்கிலுக்கு நம்மவர்கள் செய்வது இதுதான்.

கை கொப்புளிக்கிறது, தோள் அதிர்கிறது

பெரும்பாலும் காம்பு தேவைக்கு மேல் பருமன். பிடித்தால் விரல் நுனி உள்ளங்கையை ஏறக்குறைய தொட வேண்டும். நடுப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி மெலிதாக்கினால் காம்பு வளைந்து கொடுக்கத் தொடங்கும், அதிர்வு கைக்கு வராது. உருண்டையாகச் செய்யாமல் முட்டை வடிவாகச் செய்தால், பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். வழுவழு வார்னிஷ் இருந்தால் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி எடுத்துவிடுங்கள், உப்புத்தாளைவிட நன்றாக வரும். கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.

அருவாள், உளிப் பிடி சுழல்கிறது

இங்கே ஆப்புக்கு வேலையில்லை. இரும்பின் வால் போகும் துளை அகன்றுவிட்டது, அல்லது பிடியைச் சுற்றிப் போட்ட வளையமான பூண் தளர்ந்திருக்கிறது. பூண் தளர்ந்தால் பிடி பிளந்து வால் கையில் ஏறும், எனவே முதலில் பூணை மாற்றுங்கள். துளை அகன்றிருந்தால் அரக்கைப் பொடித்து உள்ளே போட்டு, வாலின் நுனியை மட்டும் சூடாக்கி இறக்குங்கள். வாயில் ஈரத்துணி சுற்றியிருக்கட்டும். ஆறியதும் அசையாது. உளிக்குக் கொட்டாப்புளி அடி விழும் மேல்முனையிலும் ஒரு பூண் போட்டால் பிடி நெடுநாள் பிளக்காது.

எண்ணெய்

புதுக் காம்புக்கு ஆளிவிதை எண்ணெய்தான் நல்லது. அது காற்றில் உலர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டியாகும். பெயின்ட் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். சமையலுக்கு விற்பது உலர வெகுநாள் எடுக்கும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கடலை எண்ணெயும் உலரா எண்ணெய்கள், கையில் வழுக்கும், புழுதி ஒட்டும். துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் மீண்டும் பூசுங்கள். நாரின் வாய்கள் திறந்திருக்கும் இரண்டு முனைகளிலும் அது குடிக்கிற அளவு கொடுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது இந்த எண்ணெய் சூடு விடும், கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பற்றும். விரித்து, வெளியே கொடியில் தனியாகப் போட்டுக் காய்ந்து விறைத்தபின் எறியுங்கள், அல்லது அன்றைக்கே தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.